வண்டியா வீடா என்று ஐயர் கேட்டார்

என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கடைசி முறையாக வந்தபோது, பெட்டிக்குள் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. தூக்கினால் கை இறங்கிப்போகிற கனம். அதற்கு முன் வந்தபோதெல்லாம் கம்பளி, சோப்பு, சென்ட்டு பாட்டில், பால் பவுடர் டப்பா என்று கொண்டுவருவார். இந்தத் தடவை ஏதோ பெரிதாகத்தான் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் துண்டை விலக்கினேன். உள்ளே ஒரு இரும்புக் குண்டு. விளாம்பழம் அளவு இருந்தது. மேலே கண்ணாடி மாதிரி வழவழப்பு, கீழே கழுத்துபோல ஒரு தண்டு, அதில் மரை.

குளித்துவிட்டு வந்தவர் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமே, தாலாட்டு பாட்றியா? பத்திரமா வெய்யி. இனிமே அதான் நம்ம பொழப்பு."

அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், எங்கள் மிஷன் காம்பவுண்டில் மூன்றாவது வீடு. சேதி தெரிந்ததும் வந்து குண்டை உருட்டிப் பார்த்தார்கள். "ஊர்ல கீறவன்லாம் தங்கம் கொண்டாறான். எங்க தம்பிய பாரு, தராசு குண்ட தூக்கினு வந்து கீறான்" என்றார்கள். காம்பவுண்டு முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு.

அந்தக் குண்டு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் அங்கே ஒரு பெரிய குடும்பத்துக்கு டிரைவர். குளிர்காலம் வந்தால் அந்தக் குடும்பம் பாலைவனத்தில் போய்க் கூடாரம் போடும். அதற்கென்றே ஒரு வண்டி வைத்திருந்தார்களாம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். அந்த வண்டியின் பின்னால் மணலில் ஓடுகிற ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். தார் ரோடு முடிகிற இடத்தில் ஜீப்பைக் கழற்றிவிட்டால் அது மணல்மேட்டில் ஏறிப் போய்விடும். வீட்டு வண்டி அங்கேயே நிற்கும். இழுக்கிற வண்டியின் வாலில் ஒரு குண்டு. ஜீப்பின் மூக்கில் இரும்புச் சட்டம் கட்டி, அதன் நுனியில் ஒரு கிண்ணம். கிண்ணம் குண்டின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்ததும் ஒரு ஆணியைச் செருகிப் பூட்டி, காவலுக்கு ஒரு சங்கிலியும் மாட்டிவிட்டால் ரோடு எப்படி வளைந்தாலும் ஜீப்பு பின்னாலேயே வரும். அதைப் பதினாலு வருஷம் ஓட்டியவர் என் வீட்டுக்காரர்.

நம் ஊரில் அதற்கு என்ன வேலை என்றால், அப்போதுதான் தமிழும் தெலுங்கும் கலந்த எங்கள் பக்கமெல்லாம் செல்போன் கோபுரம் நட ஆரம்பித்திருந்தார்கள். எந்த மலைமேல் நட்டால் எந்த ஊர்வரைக்கும் சத்தம் போகும் என்று பார்க்கப் பெட்டியும் கம்பியுமாகப் பையன்கள் வருவார்கள். அவர்களுக்கு வண்டி கொடுக்கிற கான்ட்ராக்டர் ஒருத்தர் திருப்பதியில் இருந்தார். மலையடிவாரத்தில் லாட்ஜ் கிடையாது, ஓட்டல் கிடையாது. பையன்கள் தங்க ஒரு வண்டி வேண்டும், மலை ஏற ஒரு ஜீப்பு வேண்டும். ரெண்டு வண்டி என்றால் ரெண்டு டிரைவர். என் வீட்டுக்காரர் அவரிடம் போய், நான் ஒருத்தனே ரெண்டையும் கொண்டுவருகிறேன், ஒன்றின் பின்னால் ஒன்று, என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் நம்பவில்லை. "செய்யி, சூஸ்தாம்" என்றாராம். செய், பார்ப்போம் என்று அர்த்தம்.

இதற்கு ஒரு கெடு இருந்தது. குவைத்துக் குடும்பம் விசாவைத் தயாராக வைத்துக்கொண்டு, ஈஸ்டர் முடிந்ததும் கிளம்பி வரச் சொல்லியிருந்தது. கான்ட்ராக்டு கிடைத்தால் இருப்பேன், கிடைக்காவிட்டால் இன்னும் ரெண்டு வருஷம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றார் இவர். இன்னும் ரெண்டு வருஷம் என்பதை நான் முன்னாலும் கேட்டிருக்கிறேன். பெண்கள் ரெண்டு பேரும் கல்யாணமாகி ஒருத்தி வேலூர், ஒருத்தி பெங்களூர் என்று போய்விட்டார்கள். மாம்பழ சீசனில் நான் கூழ் ஃபேக்டரிக்குத் தோல் சீவப் போவேன். மற்ற நாளில் நானும் சுவரும்தான்.

பழைய மினி பஸ் ஒன்று வாங்கினார். சீட்டெல்லாம் பிடுங்கி, வேலூர் ரோட்டில் லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். ஜீப்பு பலமநேர் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பு. ஏற்றத்துக்குப் புலி, தார் ரோட்டில் கொதித்துப்போய் நின்றுவிடும். அதனால்தான் அதை இழுத்துக்கொண்டு போவதே.

ஷெட்டில் வெல்டிங் வேலை செய்பவர் பாதி தெலுங்கு, பாதி தமிழ். நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், தரையில் சாக்பீசால் மினி பஸ்ஸை வரைந்துவைத்து ரெண்டு பேரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். பையன்களுக்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகைக் கட்டில். முன்னால் டிரைவர் சீட்டின் பின்னால் இவர் படுக்க ஒரு பெஞ்சு.

"வண்ட்ட செய்றவன் எக்கட படுப்பான் அண்ணா?" என்று கேட்டார் வெல்டிங்காரர். சமையல்காரனைத்தான் கேட்கிறார்.

"எங்கனா சுருண்டுப்பான். ஒரு ஆள பாக்கணும்."

நான் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தேன். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு, "ஆளு வேணாம். நான் வரேன்" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க வர?"

"வண்டி போற எடத்துக்கு."

"காட்டுலமே. ஆம்பள பசங்களோட. நீ கறிக்கடைல நின்னு கறி வாங்க மாட்ட."

"அது கட. இது சமைக்கிறதுதான?"

வெல்டிங்காரர் சாக்பீசை எடுத்துப் படத்தின் வாலை இன்னும் ரெண்டு அடி நீட்டி இழுத்தார். "அக்காகி ஒக ரூம்" என்றார், அக்காவுக்கு ஒரு ரூம் என்று. இவர் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூக்குச் சட்டியைத் திறந்தார். அடுத்த முறை போனபோது பஸ்ஸின் வாலில் இரும்புச் சட்டம் நீண்டிருந்தது.

என் கூச்சத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அடுத்தவர் பார்க்க என்னால் சாப்பிட முடியாது. ஃபேக்டரியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டால் நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவேன். "சொவுத்துக்கு ஊட்றியா?" என்று கிண்டல் செய்வார்கள். அதனால் என் அறைக்கு மட்டும் நான் கேட்டேன். முழுசாக ஒரு பலகைச் சுவர் வேண்டும், பின்பக்கம் தனிக் கதவு வேண்டும், சமையல் மேடைக்குக் கடப்பைக் கல் வேண்டும், பக்கத்திலேயே தண்ணீர் டிரம்மு வேண்டும். கேட்டதெல்லாம் செய்தார்கள். கல்லைப் பதித்த அன்று அதன்மேல் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. நீட்டிய அந்த வாலின் அடியில்தான் குவைத்துக் குண்டையும் பொருத்தினார்கள். மூன்று பேரும் நின்று பார்த்தோம். மூன்று பேருக்கும் ரொம்ப அழகாகத்தான் தெரிந்தது.

குண்டில் கிண்ணத்தை மாட்டுவது ஒரு வித்தை. ஜீப்பை நிறுத்திவைத்து, பஸ்ஸைப் பின்னால் எடுத்துக் குண்டைக் கிண்ணத்தின் நேர் கீழே கொண்டுவர வேண்டும். டிரைவர் சீட்டிலிருந்து குண்டு தெரியாது. குவைத்தில் இன்னொரு வேலைக்காரர் பின்னால் நின்று வழி சொல்வாராம். காம்பவுண்டு மைதானத்தில் பழகியபோது என்னை நிற்கச் சொன்னார்.

"கத்துமே! ரைட்டுன்னு சொல்லு, லெப்ட்டுன்னு சொல்லு!"

சபைப் போதகர் வீட்டு வாசலில் ஆட்கள், குழாயடியில் ஆட்கள். எனக்குக் கத்த வரவில்லை. சமையலை விட்டு வந்தவள், கையில் கரண்டி இருந்தது. குண்டு கிண்ணத்தைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்ததும் என்னை அறியாமல் பஸ்ஸின் தகரத்தில் ணங்கென்று ஒரு தட்டுத் தட்டினேன். வண்டி நின்றது.

அவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா அது?" என்றார்.

"நில்லுன்னு."

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு தட்டு என்றால் நில். ரெண்டு தட்டு என்றால் வா. இடது பக்கத் தகரத்தில் தட்டினால் இடம், வலது பக்கத்தில் தட்டினால் வலம். அண்ணி பார்த்துவிட்டு, "புருஷன் பொண்டாட்டி பேசிக்கிற லச்சணத்த பாரு, தட்டு முட்டு சாமானோட" என்றார்கள். ஆனால் ஒரு வாரத்தில் கிண்ணம் முதல் தடவையிலேயே குண்டின்மேல் வந்து நின்றது.

கான்ட்ராக்டர் குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். சந்திரகிரியில் ஏறிக்கொள்வார், பாக்கராப்பேட்டை கணவாய் ஏற வேண்டும், மேலே ஜீப்பைக் கழற்றி ஒரு குன்று ஏறிக் காட்ட வேண்டும், திரும்ப மாட்டி இறங்க வேண்டும். அதில் தேறினால் கான்ட்ராக்டு. அதற்கு முந்தின நாள் ஆராதனை முடிந்ததும் ஜெபம் பண்ணிக்கொள்ளலாம் என்று இவர் ஐயரிடம் சொன்னார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

அன்றைக்குச் சபையில் நல்ல கூட்டம். பவனி சுற்றி வந்த குருத்தோலையோடு எல்லாரும் அப்படியே மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். ஜீப்பை மாட்டிய நிலையில் பஸ் நின்றது. இவர் டிரம்மிலும் தண்ணீர் நிரப்பிவைத்திருந்தார், மறுநாள் புறப்படுவதற்காக. ஐயர் அங்கியோடு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன். இது வண்டியா, ஊடா?"

"ஏன் ஐயரே?" என்றார் இவர்.

"வண்டின்னா வெளிய நின்னு பானெட்டு மேல கை வெச்சி ஜெபம் பண்ணிட்டு பூடுவேன். ஊடுன்னா பிரதிஷ்ட பண்ணணும். ரிப்பன் வெட்டி உள்ள வரணும், ஒவ்வொரு ரூமா ஜெபிக்கணும். எத பண்ணட்டும்?"

"வண்டிதான் ஐயரே" என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாயிலிருந்து, "ஊடு" என்று வந்துவிட்டது.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பதினாலு வருஷமாக நான் இருந்தது வெறும் சுவருக்குள். இதுதான் வீடு என்று எனக்குத் தோன்றியது.

"ஊட்டம்மா சொன்னா ஊடுதான்" என்றார் ஐயர். அண்ணி தன் தலையில் இருந்த ரிப்பனையே அவிழ்த்துக் கொடுத்தார்கள். வெட்டினார்கள், உள்ளே ஏறினார்கள். வீடு பிரதிஷ்டை என்றால் யாரும் வெளியே நிற்பது மரியாதை இல்லை, எங்கள் பக்கத்து வழக்கம் அது. உள்ளே வந்து ஒரு பாட்டுப் பாடினால்தான் வந்த மாதிரி. ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டே இருந்தார்கள். இவரும் ஐயரும் முன்னால் மாட்டிக்கொண்டார்கள். கடப்பைக் கல்லைப் பார்க்க அண்ணி எல்லாரையும் பின்னால் என் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "வாங்க வாங்க, மேட பாருங்க, எங்க ஊட்ல கூட இப்புடி இல்ல." எனக்கு உள்ளே இடமில்லை. தட்டில் பூந்தியை வைத்துக்கொண்டு பின்பக்கம் கீழே நின்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. கை தட்டினார்கள். அந்தத் தாளத்துக்குப் பஸ்ஸின் வால் மேலும் கீழும் ஆடியது. முதலில் அது எனக்கு அழகாகக்கூட இருந்தது. பிறகு குண்டைப் பார்த்தேன். அது தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கிண்ணம் அதன்மேல் கோணலாகத் தொங்கியது. ஜீப்பின் மூக்குச் சட்டம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் வால் பாடியோடு சேர்கிற இடத்தில், கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பூந்திக் கரண்டியால் தகரத்தில் தட்டினேன். ஒரு தட்டு. உள்ளே யாருக்குக் கேட்கும்? அவர்கள் கைதட்டலில் அதுவும் சேர்ந்துகொண்டது. இன்னொரு தரம் ஓங்கித் தட்டினேன். ஜன்னலில் இவர் முகம் திரும்பியது. அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நகர முடியவில்லை, முன்னும் பின்னும் ஆட்கள்.

பூந்தித் தட்டைத் தரையில் போட்டேன். "எறங்குங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் எறங்குங்க! ஒடியிது!"

பாட்டு நின்றது. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர்கள் அண்ணி. நல்ல உடம்பு அவர்களுக்கு. அவர்கள் காலை எடுத்ததும் வால் ஒரு விரல்கடை மேலே வந்தது. "இன்னா பாக்கறீங்க? நான் ஒருத்தி எறங்குனதும் பாதி பாரம் கொறஞ்சிச்சி இல்ல?" என்றார்கள். யாரும் சிரிக்கத் துணியவில்லை. ஐயர்தான் முதலில் சிரித்தார்.

இவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் தூசும் துருவும். நீட்டிய வால் முழுக்கக் கல்லும் டிரம்மும் உட்கார்ந்திருக்க, அதே வாலில் ஜீப்பும் தொங்கினால் எப்படித் தாங்கும் என்றார். அந்த வால் பாடியின் சட்டத்தோடுதான் ஒட்டியிருக்கிறது, அடியில் ஓடுகிற பெரிய சேசிஸைத் தொடவே இல்லை. "கணவாய்ல இறங்கும்போது ஆயிருந்தா ஜீப்பு நம்ம முதுவுல வந்து உழுந்திருக்கும்" என்றார்.

வெல்டிங்காரருக்கு ஆள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எங்களில் யாரும் வேலை செய்கிறதில்லை. இவர் ஐயர் முகத்தைப் பார்த்தார். ஐயர் அங்கியைக் கழற்றி மடித்துத் தன் சம்சாரத்திடம் கொடுத்தார்.

"நாமதான ஏறி ஒடச்சோம். ஏறுனவங்க அத்தினி பேரும் வந்து தூக்குங்க" என்றார்.

குருத்தோலையைத் தரையில் போட்டுவிட்டு ஆம்பிளைகள் தோள் கொடுத்தார்கள். ஜாக்கியும் வைத்து, கட்டையும் முட்டுக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். வெல்டிங்காரர் வந்து அடியில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நா புத்தி ஏமைந்தி?", என் புத்தி என்ன ஆனது, என்று தன்னையே திட்டிக்கொண்டார். குண்டிலிருந்து சேசிஸ்வரைக்கும் ரெண்டு தடித்த இரும்புச் சேனல் ஒட்டினால் இழுக்கிற பாரம் சேசிஸுக்குப் போய்விடும், அதைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். ஆனால் வாலில் கனம் இருக்கக் கூடாது. கல், டிரம்மு, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் பின் சக்கரத்துக்கு முன்னால் வர வேண்டும்.

பின் சக்கரத்துக்கு முன்னால் என்றால் பையன்களின் கட்டிலுக்கு எதிரே. நடு வண்டி. முன் கதவைத் திறந்தால் நேராகத் தெரிகிற இடம். பலகைச் சுவரும் அங்கே வராது, வைத்தால் நடக்க வழி இருக்காது.

இவர் என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வேணாம்மே. நடுவுல உக்காந்து சமைக்கறது, துன்றது, அந்த பசங்க பாத்துகினே இருப்பானுங்க. உன்னால முடியாது. கான்ட்ராக்டரு கிட்ட இன்னொரு நாளு சொல்லலாம்னா அந்தாளு ஒத்துக்க மாட்டான். நான் குவைத்துக்கே பூட்றேன். ரெண்டே வருஷம். அப்பால வந்து நிதானமா நல்லா கட்டலாம்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். எனக்காகச் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"அடுப்ப நடுவுல வைக்க சொல்லுங்க" என்றேன்.

"இன்னா?"

"அடுப்பு நடுவுல. டிரம்மு அதும் பக்கத்துல. கல்லு வேணாம், தகர மேட போதும். பின்னால ரூம்ல துணி மூட்ட வைங்க, பாய் வைங்க, கனமில்லாதது."

"நீ எங்க துன்னுவ?"

"பசிச்சா துன்னுவேன்."

இவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு திரும்பிப் போய் வெல்டிங்காரரிடம் கையைக் காட்டி, இங்கே, என்றார்.

கடப்பைக் கல்லை நான்தான் ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன். அண்ணி இன்னொரு பக்கம். "இத எங்க ஊட்டாண்ட போட்டுட்டு போ. நீ வர்ற வரிக்கும் நான் துணி தொவைக்கிறேன் இதுல" என்றார்கள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. ஜீப்பை மாட்டி, இந்தத் தடவை ஐயர் மட்டும் வாலில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அசையவில்லை.

மறுநாள் காலையில் பாகாலா வழியாகப் புறப்பட்டோம். கேட்டில் ரயில் போவதற்காக நின்றபோது பக்கத்து லாரிக்காரர் இறங்கி வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். "டிரைவரு எங்கப்பா பின்னால வண்டிக்கு?" என்று கேட்டார். "தூங்கினு கீறான்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின நாளுக்கு அப்புறம் அப்போதுதான் சிரித்தேன்.

சந்திரகிரியில் கான்ட்ராக்டர் ஏறினார். சட்டைப் பையில் பேனாக்கள், கையில் தோல் பை. என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கணவாய் ஏறும்போது நான் டிரம்மைப் பிடித்துக்கொண்டு பின்னால் சங்கிலிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஜல் என்றது. வேறு சத்தம் இல்லை. கரும்பு ஒடிகிற சத்தம் இல்லை. இவர் ஒரு வளைவில்கூட அவசரப்படவில்லை.

மேலே சமமான இடத்தில் நிறுத்தி, ஆணியை உருவி ஜீப்பைக் கழற்றினார்கள். ரெண்டு பேரும் அதில் ஏறிக் கல்லும் புதருமாக இருந்த ஒரு தடத்தில் போனார்கள். செம்மண் புழுதி அடங்கியதும் நான் அடுப்பைப் பற்றவைத்தேன். சோறு, பருப்புக் கடைசல், கத்திரிக்காய் வறுவல். கதவு திறந்திருந்தது. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டினேன். அப்படிக் கிண்டினால் வறுவல் தெரியவில்லை, வெளிச்சம் கதவுப் பக்கம்தான் வந்தது. திரும்பிக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது கான்ட்ராக்டர் சட்டையெல்லாம் புழுதி, முகமெல்லாம் சந்தோஷம். குன்றின் உச்சிவரை ஏறியதாம். ரெண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார். கை கழுவிக்கொண்டே இவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். வண்டிக்குள் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது, எல்லாம் கேட்கும்.

"பண்டி பாகுந்தி. நாக்கு ஓகே. கானி ஆடவாள்ளு ஒத்து. வயசு பசங்க இருக்கற எடம். ஒரு ஆம்பள சமையல்காரன வெச்சிக்கோ. அந்தம்மா ஊட்ல இருக்கட்டும்."

வண்டி நன்றாக இருக்கிறது, பெண்பிள்ளை வேண்டாம். எனக்குக் கை நின்றுவிட்டது.

"அப்பால பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு இவர் டிரைவர் சீட்டில் ஏறினார். பஸ்ஸைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தார். கான்ட்ராக்டர் தானாகவே பின்னால் போய் நின்றுகொண்டு, "ரா, ரா, ரைட், ரைட்டு" என்று கூவினார். இவர் எஞ்சினை நிறுத்தினார். பிறகு சீட்டில் இருந்தபடியே திரும்பி, "இன்னாமே, கரண்டி எங்க?" என்றார்.

கரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கான்ட்ராக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குண்டைப் பார்த்துக்கொண்டேன்.

"சார். இது வண்டி இல்ல, ஊடு. எங்க ஐயரு பிரதிஷ்ட பண்ணி குடுத்த ஊடு. ஊட்டுக்காரி இல்லாம ஊட்ட மட்டும் வாடகைக்கு உட மாட்டோம்."

சொல்லிவிட்டு ரெண்டு தட்டுத் தட்டினேன். எஞ்சின் கிளம்பியது. வலது பக்கம் ஒன்று. இன்னும் ரெண்டு. குண்டு கிண்ணத்தின் கீழே வந்ததும் ஒன்று. நின்றது. கிண்ணத்தை இறக்கி ஆணியைச் செருகினேன், சங்கிலியை மாட்டினேன். புடவையில் கிரீஸ் ஆகிவிட்டது.

கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார், டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் இவர் முழங்கை மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

"இதி இல்லா?" என்றார். இது வீடா என்று கேட்கிறார்.

"அவுனு சார்" என்றேன், ஆமாம் என்று. எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். யாரோடும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

அவர் சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டார். "பசங்க மலைமேலேர்ந்து எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாதும்மா. எப்ப வந்தாலும் சோறு வேடிகா இருக்கணும்."

"சூடாதான் இருக்கும்."

இறங்குகிற வழியெல்லாம் சங்கிலி ஜல் என்றது. சந்திரகிரியில் கான்ட்ராக்டர் இறங்கி, தோல் பையை இடுக்கிக்கொண்டு ஜன்னல் அருகே வந்தார். "சரே, கான்ட்ராக்டு எழுதறேன். ஊடுன்னா டோர் நம்பர் இருக்கணுமே. டோர் நம்பர் என்ன?" என்று கேட்டார். இவர் கையை நீட்டி முன்னால் இருந்த நம்பர் பிளேட்டைக் காட்டினார். அந்த மனிதர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று சாயங்காலமே டெலிபோன் பூத்துக்குப் போய் இவர் குவைத்துக்குப் பேசினார். நான் பூத்துக்கு வெளியே நின்றேன். அரபியில் பேசினார், ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்து, "முடிஞ்சிது" என்றார்.

ஈஸ்டருக்கு மறுநாள் கிளம்பினோம். காம்பவுண்டு வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணியிடம் கொடுக்கப் போனேன். அவர்கள் என் கடப்பைக் கல்லின்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, "இது எந்த ஊட்டு சாவிடி?" என்று கேட்டார்கள்.

"பழைய ஊட்டுதுங்க அண்ணி" என்றேன்.

மைதானத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்பை இன்னும் மாட்டவில்லை. நான் வந்து தட்டுவதற்காகப் பஸ் நின்றுகொண்டிருந்தது.